சீனிக்குப் பதில் எரித்ரிற்றோல்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

எரித்ரிற்றோல் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சான் அல்வாவோ எள்ளுப்பாகோ செய்வதற்கு என்றால் வாங்காதீர்கள். தேத்தண்ணிக்கு மட்டும் என்றாலும் அந்தக் காசு தேவையில்லை. தேங்காய்ப்பாலும் கொக்கோவும் கச்சானும் கல்லுப்பும் சேர்ந்த ஒரு குளிர் இனிப்பைச் செய்து, வீட்டில் இருக்கிற சலரோகக்காரருக்கு மனம் நிறையக் கொடுக்க வேண்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

நான் கொக்குவிலில் இருக்கிறேன். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என்ர மனுசனுக்குச் சலரோகம் வந்து கனகாலம். போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் தருகிற மருந்தை ஒருநாளும் தவறவிடமாட்டார், சோற்றையும் குறைத்துவிட்டார். ஆனால் இனிப்பை விட்டதுதான் அவருக்குப் பெரிய துக்கம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் முடிய ஊரே ஐஸ்கிறீம் குடிக்கப் போகும். "நீங்கள் போய்க் குடிச்சிட்டு வாங்கோ, நான் சைக்கிளடியில நிக்கிறன்" என்பார். பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது அவர்களைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போன மனுசன்.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி ஊருக்கு வந்தபோது இந்தத் தூளைக் கொண்டுவந்து தந்தாள். "அக்கா, இது சீனி மாதிரியேதான். அத்தானுக்கு எல்லாத்துக்கும் போட்டுக் குடுங்கோ" என்றாள். எல்லாவற்றுக்கும் போட முடியுமா என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். குளுக்கோசை ஒருவகை மதுவத்தால் நொதிக்க வைத்து எடுப்பது எரித்ரிற்றோல். திராட்சை, காளான், சோயா சோஸ் போன்றவற்றிலும் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. இரசாயனவியலில் இதைச் சீனி அற்ககோல் என்ற கூட்டத்தில் சேர்ப்போம், ஆனால் இதில் வெறி எதுவும் இல்லை. சாப்பிட்டால் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ஏறக்குறைய 90 வீதம் மாற்றமே இல்லாமல் சிறுநீரோடு போய்விடும். அதனால்தான் இரத்தத்தில் குளுக்கோசை ஏற்றுவதில்லை. ஒரு கிராம் சீனியில் 4 கலோரி, இதில் 0.2 கலோரிதான். இனிப்பு சீனியின் 60 முதல் 70 வீதம் வரை. பார்வைக்குச் சீனியேதான். வெள்ளைப் பளிங்கு, மணம் இல்லை. சிலபேர் ஸ்டீவியா என்ற இலை இனிப்பைப் பற்றிச் சொல்லும் கடைவாய்க் கசப்பு இதில் கிடையாது.

வாங்கும்போது பக்கற்றின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். யாழ்ப்பாண நகரத்துப் பெரிய சுப்பர்மார்க்கற்றுகளிலும் சில பாமசிகளிலும் சீனிக்குப் பதிலான தூள்கள் பலவிதமாக இருக்கின்றன. நான் இங்கே வாங்கிய ஒன்றின் முகப்பில் பச்சை இலைப் படமும் 'சீனி இல்லை' என்ற எழுத்தும் இருந்தன. பின்னால் சேர்மானப் பட்டியலில் முதலாவதாக நின்றது மோல்ரோடெக்ஸ்ரின். அது மாப்பொருளை உடைத்து எடுப்பது, வயிற்றுக்குள் போனவுடன் குளுக்கோசாகிவிடும். இரத்தத்தில் சீனியை ஏற்றும் வேகத்தில் அது நாங்கள் விட்டுவந்த சீனியையே முந்தக்கூடியது. டெக்ஸ்ரோஸ் என்று போட்டிருந்தால் அது நேரடியாகக் குளுக்கோசுதான். தேத்தண்ணிக்கு ஒரு சின்னப் பக்கற் போடுகிறவருக்கு அந்த அளவு பெரிதாகத் தெரியாது. ஒரு தட்டு இனிப்புக்குக் கோப்பைக் கணக்கில் கொட்டுகிறவருக்கு அது ஆபத்து. மோல்ரிற்றோல் என்பது இன்னொன்று, 'சீனி இல்லாத' பிஸ்கற்றுகளிலும் சொக்லேற்றிலும் வருவது. சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும் அதுவும் குளுக்கோசை ஏற்றும். ஆகவே சேர்மானப் பட்டியலில் எரித்ரிற்றோல் என்ற ஒரேயொரு பெயர் இருக்கிற பக்கற்றை எடுங்கள். மொங்க் புரூட் என்ற இனிப்புப் பழத்தின் சாறு கொஞ்சம் கலந்தது கிடைத்தால் அதுவும் நல்லது, இனிப்பு சீனிக்குச் சமமாக வரும்.

பனங்கட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சலரோகக்காரருக்குப் பனங்கட்டி கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கற்பகம் கடையில் பனையோலைக் குட்டானோடு வாங்குகிற பனங்கட்டி எனக்கு உயிர். பிளேன்ரீக்கு அதைக் கடித்துக்கொண்டு குடிக்கிற சுகம் வேறு எதிலும் இல்லை. ஆனால் பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது சீனிக்குள் இருக்கிற அதே பொருள். சில கனியுப்புகள் கூட இருக்கின்றன என்பதால் இரத்தத்தில் குளுக்கோசு ஏறாமல் விடாது. இதைச் சொல்லி உறவுக்காரர் சிலரோடு மனவருத்தம்கூட வந்தது. வந்தாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

இனி இந்தத் தூளைக் குசினிக்குள் கொண்டுபோவோம்.

தேத்தண்ணியில் நன்றாகக் கரைகிறது, கெட்ட சுவை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கரண்டி சீனி போட்ட இடத்தில் ஒன்றரைக் கரண்டி வேண்டும். சீனியை விடப் பலமடங்கு விலையான சாமானை அப்படிப் போட்டுக் கலக்குவது நியாயமாகப் படவில்லை. சீனி போடாத தேத்தண்ணிக்கு நாக்கு பழகிவிடும், இவருக்குப் பழகிவிட்டது.

கச்சான் அல்வாவுக்கு வருவோம். சீனிப்பாகு ஏன் பாகாகிறது என்பதை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். 25 பாகை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 200 கிராம் சீனி கரையும். எரித்ரிற்றோல் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரையாது. சூடாக இருக்கும்வரை கரைந்திருக்கும், ஆறத் தொடங்கியவுடன் பளிங்காகித் திரும்பிவிடும். பாகுப் பதம், கம்பிப் பதம் எதுவும் இதற்கு வராது. தண்ணீர் விடாமல் தாச்சியில் தனியே போட்டால் 121 பாகையில் உருகித் தண்ணீராக ஓடும். எவ்வளவு நேரம் வைத்தாலும் பொன்னிறம் வராது, கருகிய சீனியின் அந்த வாசம் வராது. வறுத்த கச்சானுக்குமேல் அதை ஊற்றி ஆறவிட்டேன். மெழுகுதிரி உருகி உறைந்தமாதிரி வெள்ளையாக இறுகியது. கடித்தால் பல்லுக்குள் பொடிந்து நாக்கில் குளிர் ஏறுகிறது. அந்தக் குளிருக்கும் காரணம் உண்டு. பளிங்கு வாயில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. சீனியும் உறிஞ்சும், ஆனால் எரித்ரிற்றோல் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு உறிஞ்சும். பெப்பர்மின்ற் இனிப்பில் அந்தக் குளிர் பிடிக்கும். கச்சானில் அதற்கு இடமில்லை.

பயத்தம் உருண்டைக்குப் பாகு தேவையில்லை, பொடித்துக் கலந்தால் போதும் என்று நினைப்பீர்கள். கலக்கலாம், பிடிக்கவும் வரும். ஆனால் சீனியை எடுத்துவிட்டாலும் வறுத்த பயத்தம்மா அப்படியே இருக்கிறதே. 100 கிராம் பயறில் 60 கிராமுக்குமேல் மாச்சத்து, அதில் நார் 16 கிராம் போக மிச்சமெல்லாம் குளுக்கோசாகிறதுதான். பயறு மெதுவாகச் சமிக்கும் நல்ல தானியம், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் 'சீனி போடாத பயத்தம் உருண்டை' என்ற பெயரில் நாலைந்தை ஒரேயடியாகச் சாப்பிட்டால் இரத்தச் சீனி பார்க்கிற மீற்றரில் தெரியும். பனங்காய்ப் பணியாரத்துக்கும் இதே கதை. பனங்களியே இனிப்பு, அதோடு மாவும் சேர்கிறது. சீனியை மட்டும் மாற்றினால் போதாது, இனிப்பின் உடம்பையே மாற்ற வேண்டும். மா இல்லாத உடம்பு எங்கள் குசினியில் எது என்று பார்த்தால் தேங்காய், கச்சான், எள்ளு.

அப்படித்தான் இந்த உப்புக் கச்சான் கொக்கோத் துண்டுக்கு வந்துசேர்ந்தேன். செய்முறையை விபரமாகச் சொல்கிறேன். 16 துண்டுக்கான அளவு இது.

கச்சான் 100 கிராம். திருநெல்வேலிச் சந்தையில் உடைத்த பருப்பாக வாங்கலாம், கோதோடு வாங்கி வீட்டில் உடைத்தால் ருசி கூட. இரும்புத் தாச்சியில் மெல்லிய நெருப்பில் வறுங்கள். பாதி வறுபடும்போது கால் தேக்கரண்டி உப்பை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து மேலே தெளியுங்கள். சுர்ரென்று வற்றி, ஒவ்வொரு பருப்பிலும் மெல்லிய உப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும். பிறகு மணம் எழும்பும்வரை வறுத்து, ஆறவிட்டு, கையால் கசக்கிச் சுளகில் புடைத்துத் தோலை எடுங்கள். உரலில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கிரைண்டரில் போட்டு மாவாக்காதீர்கள், கடிபடுகிற பருப்புத்தான் இந்தத் துண்டுக்கு உயிர்.

தேங்காய் விலை ஏறிக்கிடக்கிற காலம் என்று தெரியும். ஆனாலும் இதற்கு ரின்னில் வருகிற பாலை விடக் கையால் பிழிந்த பால்தான். முதற்பால் 300 மில்லிலீற்றர், இரண்டாம்பால் 150 மில்லிலீற்றர். ஒரு பெரிய தேங்காய்க்கு முதற்பால் போதாமல் போனால் இன்னும் பாதித் தேங்காய் துருவுங்கள். தண்ணீரைக் கூட்டிப் பாலை அளவாக்கினால் துண்டு சப்பென்று போய்விடும்.

இரண்டாம்பாலில் ஒன்றரைத் தேக்கரண்டி கடற்பாசித் தூளைப் போட்டு, கிளறிக் கிளறி இரண்டு மூன்று நிமிசம் கொதிக்க விடுங்கள். ஜெலற்றின் வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். அது மிருகத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது, எங்களைப்போன்ற சைவ வீட்டில் விரத நாளுக்கு ஆகாது. இரண்டாவது, யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் மேசையில் வைத்தால் ஜெலற்றின் இளகி ஓடிவிடும். கடற்பாசி 40 பாகைக்குக் கீழே இறங்கும்போதே உறைந்துவிடும், திரும்ப உருகுவதற்கு 85 பாகை வேண்டும். சும்மா தேங்காய் எண்ணெயும் கொக்கோவும் கலந்து பிரிட்ஜில் இறுக்குகிற முறையையும் சிலர் செய்கிறார்கள். தேங்காய் எண்ணெய் 25 பாகையிலேயே உருகும். எங்கள் ஊரில் அது பிரிட்ஜுக்கு வெளியே பத்து நிமிசம் தாங்காது.

இன்னொரு சட்டியில் சீனி சேராத கொக்கோத் தூள் 30 கிராம், கிரைண்டரில் பொடித்த எரித்ரிற்றோல் 65 கிராம். சூடான தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி விட்டுக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, பிறகு முதற்பாலை ஊற்றி மெல்லிய நெருப்பில் வையுங்கள். ஆவி எழும்பினால் போதும். முதற்பாலைத் தளதளவென்று கொதிக்க விட்டால் திரைந்து எண்ணெய் பிரிந்துவிடும். தூள் முழுவதும் கரைந்துவிட்டதா என்று ஒரு சொட்டை விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பு இருக்கக் கூடாது. கடற்பாசிப் பாலை இதற்குள் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பும் வனிலா சில சொட்டும் விட்டுக் கலக்கி இறக்குங்கள். ஏலக்காய் போட்டும் பார்த்தேன், கொக்கோவோடு அது சண்டை பிடிக்கிறது. உடனடிக் கோப்பித் தூள் ஒரு கால் தேக்கரண்டி போட்டால் கொக்கோவின் நிறமும் குணமும் ஆழமாகிறது, அது நல்ல யோசனை.

பாதியைத் தட்டில் ஊற்றுங்கள். மேல்பகுதி ஆடை பிடிக்கத் தொடங்கி, விரலால் தொட்டால் ஒட்டுகிற நேரத்தில் கச்சானைப் பரப்பி மிச்சத்தை மேலே ஊற்றுங்கள். முழுவதும் உறைந்த பிறகு ஊற்றினால் இரண்டு படையும் ஒட்டாமல் வெட்டும்போது கழன்று வரும். மிச்சப் பாதி சட்டிக்குள்ளேயே இறுகாமல் இருக்க, அதை வெந்நீர்ச் சட்டிக்குமேல் வைத்திருங்கள்.

இந்தப் பண்டத்தில் எரித்ரிற்றோல் ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால், கச்சான் அல்வாவைப் பழுதாக்கிய அதே குணத்துக்கு இங்கே வழியில்லை. 450 மில்லிலீற்றர் பாலுக்கு 65 கிராம் என்பது கரைதிறனின் எல்லைக்குள் அடங்குகிறது, அதனால் குளிர்ந்த பிறகும் கரைந்தே இருக்கிறது. பளிங்காகத் திரும்பவில்லை என்றால் நறநறப்பும் இல்லை. வாயில் புதிதாகக் கரைய எதுவும் இல்லாததால் அந்தக் குளிர் உணர்வும் இல்லை. நிறத்தைக் கொக்கோ தருகிறது, வறுத்த வாசத்தைக் கச்சான் தருகிறது. சீனி இல்லாததால் விடுபட்ட வேலை எல்லாவற்றையும் மற்றவை பகிர்ந்துகொள்கின்றன.

மிச்சமாக ஒரு குறை இருந்தது, இனிப்புக் காணாது என்பது. அதைத் தீர்த்தது உப்பு. ஒரே சட்டிக் கலவையை இரண்டு தட்டில் ஊற்றி, ஒன்றில் உப்போடும் மற்றதில் ஒரு துளி உப்பும் இல்லாமலும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லாத தட்டில் கொக்கோவின் கசப்புத்தான் முதலில் வருகிறது, இனிப்பு எங்கேயோ பின்னால் நிற்கிறது. உப்புப் போட்டதில் இனிப்பு முன்னுக்கு வருகிறது. இரண்டிலும் எரித்ரிற்றோல் ஒரே அளவுதான். சோடியம் நாக்கில் கசப்பை அமர்த்துகிறது, கசப்பு அடங்க இனிப்பு எழும்புகிறது. உப்பில்லாமல் அதே இனிப்பை எட்ட வேண்டும் என்றால் விலையான தூளை இன்னும் கொட்ட வேண்டியிருக்கும்.

எந்த உப்பு என்பதும் முக்கியம். மேலே தூவுவதற்கு ஆனையிறவுக் கல்லுப்பை வைத்திருக்கிறேன். அம்மியில் ஒரு உருட்டு உருட்டினால் பெரிய கல் உடைந்து கடுகளவு மணிகளாகும். பவுடர் உப்பைத் தூவினால் எல்லா இடமும் ஒரேமாதிரிக் கரிக்கும். மணியாகத் தூவினால் ஒரு கடியில் உப்பு வரும், அடுத்த கடியில் வராது. அதற்காகத்தான் இந்தத் துண்டைச் சாப்பிட ஆசை வருகிறது. ஆனால் உப்பைச் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்னரே தூவி வைத்தால் மேல்பகுதியின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, துண்டு வியர்த்துப்போய் நிற்கும். பிரசர் உள்ளவர்கள் பயப்படத் தேவையில்லாத அளவுதான் இது. முழுத் தட்டுக்கும் போகிற உப்பு அரைத் தேக்கரண்டி வராது. ஒரு துண்டுக்குக் கிட்டத்தட்ட 0.15 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றச் சாப்பாட்டில் ஊறுகாயைக் குறைத்தால் இதற்கு இடம் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். பார்த்தவுடன் "இனிப்புக்கு மேல உப்பைப் போட்டு ஏன் பிள்ளை பழுதாக்கினனி?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "தம்பிக்கு மட்டுமே செய்தனி, இன்னும் கிடக்கே?" என்றார். தம்பி என்றது இவரைத்தான். இவர் ஒன்றும் பேசாமல் இரண்டாவது துண்டையும் சாப்பிட்டு முடித்த பிறகு, "இஞ்சை பாரும், இது வருத்தக்காரன்ர சாப்பாடு மாதிரி இல்லை" என்றார். அதைவிட எனக்கு வேறு மதிப்பெண் தேவையில்லை.

கணக்கையும் சொல்கிறேன். நாரைக் கழித்துப் பார்த்தால் 100 கிராம் கச்சானில் 8 கிராம் மாச்சத்து, கொக்கோவில் 6 அல்லது 7, தேங்காய்ப்பால் முழுவதிலும் 12 கிராம் அளவு. 16 துண்டாக வெட்டினால் ஒன்றுக்கு 2 கிராமுக்குள். ஒரு தேக்கரண்டி சீனியே 4 கிராம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கலோரி குறைவு என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். தேங்காயிலும் கச்சானிலும் கொழுப்பு நிறைய, ஒரு துண்டுக்கு 80 முதல் 90 கலோரி வரை வரும். இவருக்கு இரண்டு துண்டோடு மிச்சம் பிரிட்ஜுக்குப் போய்விடும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது பெரிய ஏற்றம் இல்லை. உங்கள் வீட்டில் நீங்களே குத்திப் பாருங்கள். ஒருவருடைய உடம்பு காட்டியதை வைத்து மற்றவருக்கு உறுதி சொல்ல மாட்டேன்.

இனிச் சொல்லப்போவதை வடிவாகப் படியுங்கள். இது இனிப்பாக இருக்கிறதே என்று, சீனி இறங்கி நடுங்குகிற நேரத்தில் சலரோகக்காரருக்குக் கொடுக்காதீர்கள். இதில் குளுக்கோசு இல்லை, ஏற்றாது. அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் தூளோ உண்மையான சீனித் தண்ணீரோதான் வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு போத்தல் சீனி தனியாக, பெயர் எழுதி இருக்கிறது. எரித்ரிற்றோலும் சீனியும் பார்வைக்கு ஒன்று என்பதால் இரண்டு போத்தலிலும் பெயர் எழுதுவது அவசியம்.

அளவுக்கு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023 இல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.5 கிராம் என்று எல்லை போட்டிருக்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு 30 கிராம். எங்கள் துண்டு ஒன்றில் 4 கிராம் என்பதால் இரண்டு துண்டு அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. அதே 2023 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிற்றோல் கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூட வந்ததைக் கண்டு எழுதினார்கள். அது தொடர்பு மட்டும், இதனால்தான் அது வந்தது என்று நிறுவியதல்ல. எங்கள் உடம்பே கொஞ்சம் எரித்ரிற்றோலை உண்டாக்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் இருதய வருத்தம் உள்ளவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். நான் இவருடைய டொக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினேன். கிழமைக்கு ஒருமுறைக்குமேல் செய்வதும் இல்லை.

கடையில் இதற்குப் பக்கத்திலேயே சைலிற்றோல் என்ற தூளும் இருக்கக்கூடும். வீட்டில் நாய் இருந்தால் அதை வாங்கவே வேண்டாம். சிறிதளவு சைலிற்றோல் நாயின் வயிற்றுக்குள் போனாலே இரத்தச் சீனி சடாரென்று இறங்கி உயிரே போகக்கூடும். கச்சான் ஒவ்வாத பிள்ளைகள் வருகிற வீட்டில் கச்சானுக்குப் பதில் வறுத்த எள்ளும் தேங்காய்ச் சொட்டும் போடலாம். எள்ளும் சிலருக்கு ஒவ்வாது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னால், இந்தத் துண்டுக்கு எரித்ரிற்றோலுக்கு நாலரை. அரையைக் குறைப்பது விலைக்காக. தேத்தண்ணிக்கு இரண்டு. பாகு வேலைக்குப் பூச்சியம். வைத்திருப்பதில் இதற்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. மாரி காலத்தில் சீனி ஈரத்தை இழுத்துக் கசிகிறமாதிரி இது கசிவதில்லை. கார்த்திகை அடைமழையிலும் போத்தலில் பொலபொலவென்று கிடந்தது. பொடித்து வைத்ததுதான் கட்டிபட்டது, ஆகவே தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் பொடியுங்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் சின்னப் பக்கற் ஒன்று எடுத்தால் போதும். 250 கிராமில் மூன்று தட்டுக்குமேல் செய்யலாம்.

செய்த துண்டுகளை மூடிபோட்ட பெட்டியில் பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், பிறகு தேங்காய்ப்பால் புளிக்கத் தொடங்கும். மேல்தட்டு உறைகுளிரில் வைக்காதீர்கள். கடற்பாசி உறைந்து உருகினால் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சக்கையாகிவிடும். வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளென்றால் ஒரு பெரிய தட்டாகச் செய்யாமல் இரண்டு சின்னத் தட்டாக ஊற்றுங்கள். தடிப்பாக ஊற்றினால் நடுப்பகுதி இறுக நேரமெடுக்கும், கச்சானும் அதற்குள் ஊறி நமத்துவிடும்.